எலும்புகளுக்குப் பெயர் தேடிய பேராசிரியை

இறந்தோரை அடக்கம் செய்தல் உடல்சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழனுள் ஒன்று என்பதை மறைக்கல்வி வகுப்பிலேயே நாம் கற்றிருக்கிறோம். நினிவே நகரில் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்த தோபித்து, மன்னனின் சினத்துக்கும் அஞ்சாது, தம் இனத்தாரின் உடல்களை எடுத்துப் புதைத்த வரலாறும் நாம் அறிந்ததே. ஆனால், எடுத்துப் புதைக்க முழு உடலே இல்லாமல் சில எலும்புகள் மட்டுமே எஞ்சியிருந்தால் என்ன செய்வது? அவை யாருடையவை என்று சொல்ல ஒருவரும் இல்லையென்றால், எந்தத் தாயிடம் அவற்றை ஒப்படைப்பது?

இரண்டாம் உலகப்போர் 1945-இல் ஓய்ந்தபோது இக்கேள்வி அமெரிக்க அரசின் முன் பெரிதாய் எழுந்து நின்றது. பசிபிக் பெருங்கடலின் தீவுகளில் மாண்ட வீரர்கள் பலர் அங்கங்கே அவசர அவசரமாகப் புதைக்கப்பட்டிருந்தனர். அவர்களுடைய எச்சங்களைத் தோண்டியெடுத்து, ஹவாயில் அமைக்கப்பட்ட அடையாள ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தனர். அவ்வாய்வுக்கூடத்தின் பொறுப்பை 1948-இல் ஏற்றவர் ஒரு பெண்மணி. செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் பேராசிரியையாக இருந்த மில்ட்ரெட் டிராட்டர் அம்மையாரே அவர். அப்போது அவருக்கு வயது 49. கல்லூரியிலிருந்து விடுப்புப் பெற்று, பதினான்கு மாதங்கள் அங்கே தங்கிப் பணிபுரிந்தார்.

எலும்பு பேசுமோ என்று நாம் கேட்கலாம். பேசும். ஆனால் பொறுமையுடன் கேட்போரிடம் மட்டுமே பேசும். நீண்ட எலும்புகளின் முனைகள் இளமையில் தனித்தனியாக இருந்து, வளர்ச்சி முடியும் பருவத்தில் நடுத்தண்டோடு ஒன்றிப்போகின்றன. தோள்பட்டையை மார்போடு இணைக்கும் காறை எலும்பின் உள்முனைதான் ஏறக்குறைய கடைசியாக, இருபது வயதைக் கடந்த பிறகே, முழுமையாக ஒன்றுகிறது. போரில் மாண்டோர் பெரும்பாலும் இளைஞர் ஆதலின், பதினெட்டு வயதினரா, இருபத்தெட்டு வயதினரா என்பதை இம்முனைகளைக் கொண்டே கணிக்க இயலும். பற்களைப் பல் மருத்துவக் குறிப்புகளுடன் ஒப்பிடலாம். எஞ்சியது உயரம். படையில் சேரும்போது ஒவ்வொருவரின் உயரமும் அளந்து எழுதப்பட்டிருந்தது.

எலும்பின் நீளத்திலிருந்து உயரத்தைக் கணிக்கும் வாய்பாடுகள் முன்னரே இருந்தன. ஆனால் அவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் அளக்கப்பட்ட நூறு சடலங்களை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றை அமெரிக்க இளைஞர்களுக்குப் பொருத்துவது சரியன்று எனக் கண்ட அம்மையார், தம் கைக்கு வந்த எலும்புகளையே அளந்து குறித்துவைத்தார். பின்னர் கோல்டின் கிளெசர் என்ற புள்ளியியல் வல்லுநருடன் இணைந்து, 1952-இல் புதிய வாய்பாடுகளை வெளியிட்டார். கிளெசரும் ஒரு பெண்மணியே. வெள்ளையின ஆடவர்க்கு அவர்கள் தந்த கணக்கு இது: தொடை எலும்பின் நீளத்தை 2.38 ஆல் பெருக்கி, 61.41 கூட்டினால் உயரம் சென்டிமீட்டரில் கிடைக்கும். 45 செ.மீ. நீளமுள்ள எலும்பு, ஏறத்தாழ 168.5 செ.மீ. உயரமுள்ள மனிதனுடையது. மூன்று செ.மீ.க்குச் சற்று மிகுதியாக ஏறவோ இறங்கவோ செய்யலாம் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. கறுப்பினத்தவர்க்கும், பெண்களுக்கும் தனித்தனிக் கணக்குகளை வகுத்தனர். கொலை வழக்குகளிலும் பேரிடர்களிலும் இவை பன்னெடுங்காலம் பயன்பட்டுவந்திருக்கின்றன.

இத்தகைய அறிஞர் எவ்வழியே வந்தார் என்பதைப் பெண்மக்களைப் பெற்றோர் கருத்தூன்றிப் படிக்குமாறு வேண்டுகிறோம். பென்சில்வேனியா மாநிலத்தின் மொனாக்கா என்ற ஊரில், 1899-ஆம் ஆண்டு உழவர் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். உயர்நிலைப் பள்ளியில் வடிவகணிதம் படிக்க விரும்பியபோது, பெண்ணுக்கு மனையியலே ஏற்றது எனத் தலைமையாசிரியர் கருதினார். சிறுமியோ வடிவகணிதத்தையே தேர்ந்தெடுத்தாள். பங்கு இல்லங்களில் பாடத் தேர்வு குறித்து ஆலோசனை கேட்க வரும் பெற்றோர் இன்றும், "பெண்பிள்ளைதானே சுவாமி, எளிதானதாகப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கூறுவதுண்டு. அவர்களுக்காகவே இந்நிகழ்ச்சியை இங்குக் குறிப்பிடுகிறோம்.

பின்னர் மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்லூரியில் விலங்கியல் பயின்று, 1920-இல் பட்டம் பெற்றார். அங்கே அவருக்குக் கற்பித்த பேராசிரியைகளின் எடுத்துக்காட்டே அவரை ஆராய்ச்சியின்பால் ஈர்த்தது. 1924-இல் முனைவர் பட்டம் பெற்றார். முதலில் அவர் ஆராய்ந்தது எலும்பையன்று, மனித உடலின் உரோமத்தை. ஆக்ஸ்போர்டுக்கு 1925-இல் சென்றபோதுதான் பண்டைய எலும்புக்கூடுகளின் ஆய்வில் இறங்கினார்.

இனி, அவர் வாழ்வின் கடினமான பகுதி. 1930-இல் இணைப் பேராசிரியை ஆனவர், அதன்பின் பதினாறு ஆண்டுகள் அதே படியில் நிறுத்தப்பட்டார். ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பித்தார், ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார், பதவி உயர்வு மட்டும் வரவில்லை. அவர் அழவுமில்லை, வேலையை உதறிவிட்டுச் செல்லவுமில்லை. துறைத்தலைவரிடம் சென்று, தம்மிடம் என்ன குறை என்பதைச் சொல்லுமாறு கேட்டார். குழு ஒன்று அமைக்கப்பட்டு அவர் பணி ஆராயப்பட்டது. 1946-இல் அம்மருத்துவக் கல்லூரியின் முதல் பெண் முழுநிலைப் பேராசிரியை ஆனார். தாழ்ச்சி என்னும் நற்பண்பைப் பெண்களுக்கு நாம் அடிக்கடி போதிக்கிறோம். நியாயமான கேள்வியை மரியாதையோடு கேட்பது தாழ்ச்சிக்கு மாறானதன்று என்பதையும் அதே மேடையிலிருந்து சொல்லியிருக்க வேண்டும்.

அமெரிக்க உடல்சார் மானிடவியலாளர் சங்கத்தின் முதல் பெண் தலைவராக 1955 முதல் 1957 வரை அவர் பணியாற்றினார். அவரிடம் உடற்கூற்றியல் பயின்றோருள் சதர்லாந்து 1971-இலும், நேத்தன்ஸ் 1978-இலும் நோபல் பரிசு பெற்றனர்.

அவருடைய கல்லூரியில் டெரி என்ற பேராசிரியர் தொடங்கிவைத்த எலும்புக்கூட்டுத் தொகுப்பு ஒன்று இருந்தது. டெரி ஓய்வு பெற்றபின் அம்மையார் அதைத் தொடர்ந்து வளர்த்தார். 1,728 மனிதரின் எலும்புகள் கொண்ட அத்தொகுப்பு, 1967-இல் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்தது. அதில் பெண்களின் எலும்புகள் குறைந்திருப்பதைக் கண்டு, அக்குறையை நிரப்ப அவர் முயன்றார். ஆணின் எலும்பை மட்டும் அளந்துவிட்டு மனித இனத்தையே அளந்ததாகக் கூறுதல் இயலுமோ?

இத்தொகுப்பில் நம் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்றும் உண்டு. தொடக்க காலத்தில் இதில் சேர்ந்தோரிற் பெரும்பாலோர் மருத்துவமனைகளில் உரிமை கோருவாரின்றி இறந்த ஏழைகள். அவர்களுடைய இசைவை யாரும் கேட்கவில்லை. உயிரோடிருக்கும்போதே ஒருவர் தம் உடலைத் தாமே விரும்பி எழுதிவைக்க இடமளிக்கும் சட்டம் மிசூரி மாநிலத்தில் வரவேண்டுமென அம்மையார் பாடுபட்டார். தாராள மனத்துடன் இவ்வாறு உடலை வழங்குவதைத் திருச்சபையும் தடுப்பதில்லை. எஞ்சியது மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்றே கேட்கிறது.

அவர் கணக்கிலும் பிழை இருந்தது. கணைக்கால் எலும்பை அளக்கும்போது, கணுக்காலின் உட்புறம் துருத்தி நிற்கும் முனையை அவர் சேர்க்காமல் விட்டிருந்தார். நூலில் எழுதியதோ வேறு. அவர் காலமானபின், 1990-களில் அறிஞர் மூவர் அதே எலும்புகளில் சிலவற்றை மீண்டும் அளந்து இதைக் கண்டறிந்தனர். அவ்வெலும்புகளும் குறிப்புகளும் கவனமாகப் பாதுகாக்கப்பட்டிருந்ததாலேயே அவ்வாறு கண்டறிய முடிந்தது.

அவருடைய பழைய மாணவர்கள் 1975-இல் அவர் பெயரால் ஒரு சொற்பொழிவை நிறுவினர். அறிவியலில் சிறந்து விளங்கும் பெண்மணி ஒருவரை அம்மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துவந்து பேசச்செய்வதே அதன் நோக்கம். வகுப்பில் அமர்ந்திருக்கும் இளம் மாணவி, தான் அடையக்கூடிய நிலையைக் கண்ணாரக் காணவேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

அம்மையார் 1991-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், தம் 92-ஆம் வயதில் காலமானார். தாம் நெடுங்காலம் கற்பித்த அதே மருத்துவக் கல்லூரிக்குத் தம் உடலை வழங்கியிருந்தார்.