படச்சுருள் போயிற்று; படம் நிலைக்குமா?

ஒரு காலத்தில் தோட்டத்துக் கலியாண வீட்டிலே, மாப்பிள்ளைக்கு அடுத்தபடியாக ஆவலுடன் எதிர்பார்க்கப்பட்டவர் யார் தெரியுமா? பட்டணத்துப் படப்பிடிப்பாளர்தான். இரத்தினபுரியிலிருந்தோ பலாங்கொடையிலிருந்தோ கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் மலையேறி வந்ததும், பெரியோர் நாற்காலிகளில் அமர்வர். சிறுவர் தரையில் சம்மணமிடுவர். எல்லோரும் மூச்சடக்கி நிற்பர். அவருடைய சுருளில் இருந்தவை 36 படங்களே. ஆதலால் ஒவ்வொன்றும் எண்ணி எடுக்கப்பட்டது. இன்றோ கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் படப்பிடிப்பாளரே; ஒரே விழாவில் நூற்றுக்கணக்கில் படங்கள் குவிகின்றன. இந்த மாற்றத்தினால் நாம் பெற்றது எவ்வளவு, இழந்தது எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பது குடும்பத்துக்கு நல்லது.

முதலில் வரவைப் பார்ப்போம். 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொடாக் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டீவன் சாசன் என்னும் பொறியியலாளர், சுருள் இல்லாத கமராவை முதன்முதலில் உருவாக்கினார். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய அதற்கு 23 விநாடிகள் பிடித்தன. அந்தச் சிறு குழந்தையே வளர்ந்து, படச்சுருள் வியாபாரத்தை வீழ்த்தியது; 2012இல் கொடாக் நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோர நேர்ந்தது. நமக்கோ சுருள் வாங்கும் செலவில்லை; கழுவும் கூலியில்லை; கண்ணை மூடிய படத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கொழும்பில் வேலை செய்யும் மகன், தன் குழந்தையின் முதற் சிரிப்பைக் கேகாலைத் தோட்டத்திலிருக்கும் பாட்டிக்கு அக்கணமே காட்டிவிடுகிறான். இது சிறிய பேறன்று.

ஆனால் செலவு மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. சாவி முறுக்கி இயக்கும் பழைய கமராவைத் தந்தையும் மகனும் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தினர். புதிய கருவியோ சில ஆண்டுகளில் பழசாகிவிடுகிறது. சிறு பட்டணத்தில் ஸ்டூடியோ நடத்தியவர், இருட்டறையையும் அங்கே பழகிய கைத்தொழிலையும் கைவிட்டு, கமரா, கணினி, அச்சுப்பொறி என்று புதிதாக முதல் போட வேண்டியதாயிற்று. அவர் முதல் போட்ட பின்னரோ, வாடிக்கையாளரின் சட்டைப்பையிலேயே கமரா வந்து குடியேறிவிட்டது.

இனி, பாதுகாப்பைப் பற்றிச் சிந்திப்போம். சப்ரகமுவ மாகாணம் மழைக்குப் பெயர் பெற்றது. ஈரக்காற்றில் நெகட்டிவில் பூஞ்சணம் பிடிக்கும். அல்பத்தைக் கரையான் அரிக்கும். அரநாயக்கவில் 2016 மே மாதம் மலை சரிந்தபோதும், இரத்தினபுரியில் 2017 மே மாதம் வெள்ளம் புகுந்தபோதும், படச்சுருளானால் என்ன, கைப்பேசியானால் என்ன, மண்ணும் நீரும் வேறுபாடு பார்க்கக்கூடியவையல்ல. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. பூஞ்சணம் பிடித்த நெகட்டிவில் பாதி முகமாவது எஞ்சும். நினைவட்டை பழுதானால் ஆயிரம் படங்களும் ஒருசேரப் போகலாம். அதே வேளையில், இலக்கப் படத்தின் பிரதியொன்று வேற்றூர் உறவினரிடம் இருந்தால், வீடே போனாலும் படம் பிழைக்கும். ஆகவே புதிய முறையின் பலமும் பலவீனமும் நம் கவனத்தைப் பொறுத்தவையே.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு வேறொன்று. அச்சிட்ட படத்துக்குப் பின்புறம் உண்டு. கைப்பேசிப் படத்துக்கு இல்லை. 1964 ஒக்ரோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவர்களாயினர். அண்ணன் இங்கே, தங்கை அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. கப்பலேறிய தகரப்பெட்டிகளில் சேலைக்கடியில் வைத்த படத்தின் பின்புறத்தில் எழுதிய ஊரும் பெயரும் தேதியுமே, பின்னாளில் பேரப்பிள்ளைகளுக்கு உறவைச் சொல்லும் சான்றாகும்.

பெயர் எழுதாத படத்தின் கதி என்னவென்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. உலகப் புகழ் பெற்ற படக்கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரோன் அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமானார். பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். 1878இல் அவர் எடுத்த படமொன்றுக்குக் "களுத்துறைக் குடியானவர்கள்" என்பதே தலைப்பு. படமெடுத்தவரின் பெயரை உலகம் அறியும். படத்தில் இருப்பவர்களின் பெயரைத் தலைப்பு சொல்லவில்லை. நம் பாட்டனாருக்கும் அக்கதி நேரலாமா?

ஆதலால் பழைய நெகட்டிவ்களைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். வெண்ணிற ஒளித்திரையின்மேல் வைத்துக் கைப்பேசியால் படமெடுத்து, கணினியில் நிறத்தைத் திருப்பினால் முகங்கள் மீண்டும் உயிர்பெறும். முக்கியமான படங்களுக்கு இரண்டு பிரதிகள் வேறு இடங்களில் இருக்கட்டும். செயலி வழியே அனுப்பும்போது படம் சுருங்கிவிடுவதுண்டு, மூலத்தை அழித்துவிடாதீர்கள். ஆண்டுக்குப் பத்துப் படங்களையேனும் தேர்ந்து அச்சிடுங்கள். அம்மாவும் அப்பாவும் உயிரோடிருக்கும்போதே அவர்களை அருகில் அமர்த்தி, "இது யார்? எந்த லயம்? எந்த வருடம்?" என்று கேட்டுப் பின்புறத்தில் எழுதிவையுங்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு பேனாவும் ஒரு மாலைப்பொழுதுமே. எழுதாமல் விட்டால் ஏற்படும் நட்டத்தை எக்கருவியாலும் ஈடுசெய்ய இயலாது.