விளக்கைப் போடுமுன் ஜன்னலைத் திறங்கள்!

ஒரு காட்சியை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். ரமளான் மாதம். அதிகாலை நான்கு மணி. ஸஹர் உணவைச் சூடாக்குவதற்காக இல்லத்தரசி எழுந்திருக்கிறார். வீட்டில் மற்றவர்கள் அனைவரும் ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கின்றனர். தூக்கக் கலக்கத்தோடு சமையலறைக் கதவைத் திறக்கிறார். இருட்டில் அவர் கை தானாகவே சுவரைத் தடவி, விளக்கின் சுவிட்சைத் தேடுகிறது.

அன்புச் சகோதரிகளே! அந்த ஒரு நொடியைப் பற்றியதே இக்கட்டுரை.

முந்தைய இரவு அடுப்பின் குமிழை மட்டும் திருகி அணைத்துவிட்டு, சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடாமல் படுத்திருந்தால் என்னவாகும்? பழைய ரப்பர் குழாயில் ஒரு சிறு வெடிப்பு இருந்தால் போதும். ஐந்தாறு மணி நேரம் வாயு ஓசையின்றிக் கசிந்து, அடைத்த அறையை நிரப்பியிருக்கும். சுவிட்சைத் தட்டும்போது அதனுள்ளே தோன்றும் நுண்ணிய தீப்பொறி நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால், வாயு பற்றிக்கொள்ள அதுவே போதுமானது.

தரையில் தவழும் வாயு

நம் வீடுகளுக்கு வரும் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு அடைக்கப்பட்டிருக்கிறது. புரொப்பேன், பியூட்டேன் ஆகிய வாயுக்களை அழுத்தித் திரவமாக்கிய கலவை அது. இயல்பில் அதற்கு மணமே கிடையாது. கசிவை நாம் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்கேப்டன் என்னும் நாற்றமுள்ள பொருளை அதில் கலக்கிறார்கள்.

இந்த வாயு காற்றைவிடக் கனமானது. எனவே அது மேலே எழும்பிப் போய்விடுவதில்லை. தண்ணீரைப்போலத் தரையில் தவழ்ந்து, மூலைகளிலும் அலமாரிக்கு அடியிலும் தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு சேர்ந்தாலே தீப்பற்றும் நிலை வந்துவிடுகிறது. உயரத்திலுள்ள ஜன்னல் மட்டும் போதாது என்று சொல்வது இதனால்தான். தரையை ஒட்டிய கதவும் திறக்கப்பட வேண்டும்.

சமையலறையில் வாயு நாற்றம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடக் கூடாது. போடுவது எவ்வளவு ஆபத்தோ, அணைப்பதும் அவ்வளவு ஆபத்தே. காற்றை வெளியேற்றலாம் என்றெண்ணி எக்ஸாஸ்ட் விசிறியைப் போடுவது பெருந்தவறு. ஊதுபத்தி, சாம்பிராணித் தணல், மெழுகுவத்தி எதுவாயினும் உடனே அணைத்துவிட வேண்டும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களையெல்லாம் திறந்து, குழந்தைகளையும் முதியவர்களையும் வெளியே அழைத்துச் சென்றுவிட வேண்டும். ரெகுலேட்டரை மூடிய பின்னும் கசிவு நிற்கவில்லையென்றால், அதைக் கழற்றி, சிலிண்டருடன் நூலில் கட்டி வரும் பாதுகாப்பு மூடியை அழுத்திப் பொருத்த வேண்டும். பின்னர், வீட்டுக்கு வெளியே நின்று 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்யலாம். எரிவாயுக் கசிவுக்கென்றே இரவும் பகலும் இயங்கும் அவசர எண் அது.

மதீனாவில் எரிந்த வீடு

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாவில் ஒரு வீடு இரவு நேரத்தில், அதில் வசித்தவர்களோடு தீப்பற்றி எரிந்துபோயிற்று. அச்செய்தி எட்டியபோது, நெருப்பு மனிதனுக்குப் பகை என்றும், உறங்கச் செல்லுமுன் அதை அணைத்துவிட வேண்டும் என்றும் நபியவர்கள் அறிவுறுத்தியதாக அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் வாயிலாக ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. எலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்று எச்சரிக்கும் ஹதீஸும் உண்டு.

இன்று நம் வீடுகளில் திரி விளக்கு இல்லை. ஆனால் எலி இருக்கிறது! அன்று திரியை இழுத்த எலி, இன்று அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயையும் மின்கம்பியின் உறையையும் கடித்துக் குதறுகிறது. ஆகவே, படுக்குமுன் ரெகுலேட்டரை மூடுவதை வெறும் சிக்கன நடவடிக்கையாகக் கருதாதீர்கள். அன்று விளக்கை அணைக்கச் சொன்ன அறிவுரையின் இன்றைய வடிவம் என்றே கொள்ளலாம்.

குழாயை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கம்பி வலை பதித்த, இந்தியத் தர முத்திரை கொண்ட குழாயை ஏஜென்சியிலேயே கேட்டு வாங்குங்கள். பார்வைக்குப் புதிதாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். அதன்மீது அச்சிட்டிருக்கும் ஆண்டைப் பாருங்கள். கசிவைச் சோதிக்கத் தீக்குச்சி கொளுத்துவது தற்கொலைக்குச் சமம். சோப்பு நுரையை இணைப்பின்மீது தடவினால், கசிவுள்ள இடத்தில் குமிழி எழும்பும். சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள். அடுப்பு அதைவிட உயரமான மேடையில் இருக்கட்டும்.

ஊரப்பாக்கத்தில் ஓர் அதிகாலை

தொடக்கத்தில் சொன்னது கற்பனைக் காட்சி. இப்போது சொல்லப்போவது நடந்த நிகழ்ச்சி. செங்கல்பட்டு மாவட்டத்தில் கூடுவாஞ்சேரியை அடுத்த ஊரப்பாக்கத்தில், 2022 நவம்பர் 4 அன்று நடந்தது. அங்கே காரணம் எரிவாயு அன்று, மின்சாரம். ஆனால் வேளை மட்டும் அதே அதிகாலைதான்.

துபாயில் வாழ்ந்த குடும்பம் அது. மறைந்த உறவினர் ஒருவரின் முதலாண்டு நினைவு நாளுக்காக ஊருக்கு வந்திருந்தனர். ஏறத்தாழ ஓராண்டாகப் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து தங்கினர். இரவில் அனைவரும் உறங்கிக்கொண்டிருந்தபோது குளிர்சாதனப் பெட்டி வெடித்துத் தீப்பற்றியது. மின்கசிவே காரணம் என்று அன்றைய செய்திகள் கூறின. வீடு முழுவதும் புகை சூழ்ந்தது. மூவர் மூச்சுத் திணறி உயிரிழந்தனர்.

இச்செய்தியைப் படித்தபோது நம் குடும்பங்களில் எத்தனை பேர் தம் வீட்டை நினைத்துக்கொண்டிருப்பார்கள்! வளைகுடா நாடுகளில் உழைத்து ஊரில் வீடு கட்டிவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை வந்து திறக்கும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை!

வீட்டைப் பூட்டிச் செல்வோர் குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்து, பிளக்கைப் பிடுங்கி, கதவைச் சற்றே திறந்து வைத்துவிட்டுப் போக வேண்டும். சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் பொருத்த வேண்டும். மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். திரும்பி வரும்போது வரிசை இதுதான்: முதலில் கதவும் ஜன்னலும், பிறகுதான் மெயின் சுவிட்ச். நெடுநாள் இயங்காதிருந்த குளிர்சாதனப் பெட்டியையும் ஏர்கண்டிஷனரையும் எலக்ட்ரீஷியன் ஒருவர் பார்த்த பிறகே இயக்குங்கள். முதல் நாள் இரவிலேயே அவற்றை ஓடவிட்டுவிட்டு உறங்கச் செல்லாதீர்கள்.

பியூஸ் காப்பது கம்பியை, மனிதனை அன்று

"எங்கள் வீட்டில் பியூஸ் இருக்கிறது, எம்.சி.பி. இருக்கிறது. பிறகென்ன பயம்?" என்று பலர் கேட்கின்றனர். இவை அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்தால் கம்பி உருகாமல் காப்பதற்காக ஏற்பட்டவை. 5 ஆம்பியர் பியூஸ் என்றால் 5,000 மில்லிஆம்பியர். மனித உடலில் சில பத்து மில்லிஆம்பியர் பாய்ந்தாலே இதயத் துடிப்பு தடுமாறக்கூடும். ஒரு சிறிய எல்.இ.டி. பல்பு இழுக்கும் மின்னோட்டமே ஓர் உயிரைப் போக்கப் போதும் என்றால், பியூஸ் எப்படிக் காப்பாற்றும்?

உயிரைக் காப்பதற்கென்றே உள்ள கருவி ஆர்.சி.சி.பி. வீடுகளுக்கு 30 மில்லிஆம்பியர் அளவுள்ளதைப் பொருத்த வேண்டும். போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அது இடைவிடாது கணக்குப் பார்க்கிறது. வித்தியாசம் தோன்றினால், மின்சாரம் யாரோ ஒருவரின் உடல் வழியாகவோ, ஈரச் சுவர் வழியாகவோ கசிகிறது என்று பொருள். நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும்.

ஒளூ செய்த ஈரக் கையோடு மோட்டார் சுவிட்சைத் தொடுவதும், ஹீட்டர் ராடு போட்ட வாளியில் சூடு பார்க்கக் கைவிடுவதும் நம் வீடுகளில் அன்றாடம் நடப்பவை. துணி உலர்த்த இரும்புக் கம்பி கட்டாதீர்கள். நைலான் கயிறு போதும். கிரைண்டரின் மூன்றாவது பின்னை வெட்டிவிட்டு இரண்டு துளை பிளக்கில் செருகுவது, காவல்காரனை வெளியேற்றிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

கடற்காற்றும் காய்ந்த நிலமும்

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என நீளும் கடற்கரையில் வாழ்வோருக்கு மேலும் ஓர் எச்சரிக்கை தேவை. உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். எர்த் கம்பியும் அதைப் பிடித்திருக்கும் நட்டும் துருப்பிடித்து அறுந்துபோனாலும் விளக்கு எரியும், விசிறி சுற்றும். குறை வெளியே தெரியாது. ஒருநாள் குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடி "சுரீர்" என்னும்போதுதான் தெரியவரும். செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்தில் நிலைமை வேறு. அங்கே கோடையில் நிலம் வறண்டு, எர்த் குழி காய்ந்து பயனற்றுப் போகும். எனவே, கடற்கரையில் துருவைச் சோதியுங்கள். உள்நாட்டில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

2022 டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்ததை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். புயல் எச்சரிக்கை வந்தால், வெள்ளம் வாசலை எட்டுமுன்பே மெயின் சுவிட்சை அணையுங்கள். மறுநாள் காலை அறுந்து கிடக்கும் கம்பியை, மின்சாரம் இல்லையென்று நம்பி மிதித்துவிடாதீர்கள். "மின்னகம்" சேவையின் 94987 94987 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். மின்சாரம் தாக்கியவரை வெறுங்கையால் தொட்டு இழுக்கப் போய் இரண்டாவது உயிரும் பறிபோன குடும்பங்கள் உண்டு. முதலில் மெயினை அணையுங்கள். அது இயலாவிடில், உலர்ந்த மரக்கட்டையால் தள்ளி விடுவியுங்கள்.

இன்றிரவே செய்யுங்கள்

இவற்றையெல்லாம் ஒரே நாளில் செய்து முடிக்க இயலாது. ஆர்.சி.சி.பி. பொருத்தவும் எர்த் புதுப்பிக்கவும் பணம் வேண்டும். வேலை தெரிந்த ஆள் வேண்டும். ஆனால், செலவே இல்லாத காரியங்கள் இரண்டு உண்டு. படுக்குமுன் ரெகுலேட்டரை மூடுவது ஒன்று. காலையில் சமையலறைக்குள் நுழைந்ததும் முகர்ந்து பார்த்து, விளக்கைப் போடுமுன் ஜன்னலையும் கதவையும் திறப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் வீட்டிலுள்ள பெண்கள் மட்டுமன்றி, ஆண்களும் பிள்ளைகளும் பழகிக்கொள்ள வேண்டும். ஸஹருக்கு முதலில் எழுபவர் யாராக இருப்பார் என்று யாருக்குத் தெரியும்?

பாதுகாப்பைத் தேடுவது தவக்குலுக்கு முரணானதன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைப்பதே நம் வழி. ரெகுலேட்டரை மூடிவிட்டு, துஆ ஓதிப் படுங்கள். வல்ல நாயன் நம் இல்லங்களையும் அவற்றில் உறங்கும் உயிர்களையும் காத்தருள்வானாக!