நஞ்சில்லா நஞ்சு

நுழையும்முன்

நோய்க்கு இடும் பெயர் சில வேளைகளில் நோயின் காரணத்தை மறைத்துவிடும். பேறுகாலத்தில் தோன்றும் ஒரு நோயை, ‘குருதியில் கலந்த நஞ்சு’ என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. அந்நம்பிக்கை மாறியதையும், நோயைத் தடுக்கும் வழிகள் கண்டறியப்பட்டதையும் இப்பாடம் விளக்குகிறது.

மூன்று எளிய சோதனைகள்

சங்கராபரணி ஆற்றங்கரையிலுள்ள வில்லியனூரிலும், ஏரிப்பாசனத்தால் வளம்பெற்ற பாகூரிலும் கருவுற்ற பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்கின்றனர். அங்கே ஒவ்வொரு முறையும் எடை பார்க்கின்றனர். கையில் பட்டையைச் சுற்றிக் குருதி அழுத்தத்தை அளக்கின்றனர். சிறுநீரில் புரதம் உள்ளதா எனச் சோதிக்கின்றனர். சில நிமிடங்களில் முடிந்துவிடும் இச்சோதனைகள், முன்சூல்வலிப்பு என்னும் நோய்க்கு எதிரான காவல் அரண்கள்.

கருவுற்று 20 வாரங்களுக்குப் பின், அதுவரை இயல்பாக இருந்த குருதி அழுத்தம் 140/90 என்னும் அளவை எட்டுவதும், சிறுநீரில் புரதம் வெளியேறுவதும் இந்நோயின் முதன்மை அடையாளங்கள். முற்றினால் வலிப்பு ஏற்படும், அந்நிலையே சூல்வலிப்பு. கல்லீரல், சிறுநீரகம், மூளை ஆகியனவும் பாதிக்கப்படலாம். கருவிலுள்ள குழந்தையின் வளர்ச்சி குன்றும். உலக அளவில் கருவுறும் பெண்களில் நூற்றுக்கு இருவர் முதல் எண்மர் வரை இந்நோய்க்கு ஆளாவதாக மதிப்பிடப்படுகிறது.

பெயர் பிறந்த கதை

பேறுகால வலிப்பைப் பண்டைய மருத்துவர்களும் அறிந்திருந்தனர். காரணம் மட்டும் புலப்படவில்லை. 1843ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவர் ஜான் லீவர், வலிப்புக்கு ஆளான தாய்மாரின் சிறுநீரில் புரதம் இருப்பதைக் கண்டார். 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி கைப்பட்டையுடன் கூடிய அழுத்தமானியை உருவாக்கிய பின்னர், வலிப்புக்கு முன்பே குருதி அழுத்தம் உயர்வதை அளந்தறிய முடிந்தது.

ஏதோ ஒரு நஞ்சு குருதியில் கலப்பதாலேயே இவை நிகழ்கின்றன என்று கருதி, இந்நோயை ‘டாக்சீமியா’ என்றழைத்தனர். பல்லாண்டுகள் தேடியும் அத்தகைய நஞ்சு எதுவும் அகப்படவில்லை. எனவே, அப்பெயர் மருத்துவ நூல்களிலிருந்து மெல்ல விலக்கப்பட்டது.

நச்சுக்கொடி தரும் விடை

நோயின் வேர் நச்சுக்கொடியில் இருப்பதற்கு வலுவான சான்று ஒன்று உண்டு. குழந்தையும் நச்சுக்கொடியும் வெளியேறிய பின்னரே நோய் தணியத் தொடங்குகிறது. நச்சுக்கொடி என்னும் தமிழ்ப்பெயரைக் கொண்டு, நம் முன்னோர் இந்நோயின் காரணத்தை அறிந்திருந்தனர் என முடிவுசெய்தல் பொருந்தாது. எனினும், ஆய்வாளர்கள் விடை கண்ட இடம் அதுவே.

இயல்பான கருவில், கருப்பையின் சுருள் தமனிகள் தொடக்க மாதங்களிலேயே விரிவடைந்து நச்சுக்கொடிக்கு மிகுதியான குருதியைக் கொண்டுசேர்க்கும். வாய்க்கால் அகன்றிருந்தால்தானே கடைமடை வயலுக்கும் நீர் பாயும்? முன்சூல்வலிப்பில் அத்தமனிகள் போதிய அளவு விரிவதில்லை. குருதி குறைந்த நச்சுக்கொடி வாடுகிறது.

வாடிய நச்சுக்கொடி தாயின் உடலெங்கும் தீங்கு விளைவிப்பது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற அனந்த் கருமாஞ்சி. சிறுநீரக மருத்துவரான அவரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மேற்கொண்ட ஆய்வு 2003இல் வெளிவந்தது. நோயுற்ற தாய்மாரின் நச்சுக்கொடி, ‘எஸ்.எஃப்.எல்.டி.-1’ என்னும் புரதத்தை அளவுக்கு மீறிச் சுரப்பதை அவர்கள் கண்டனர். இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பேணும் வளர்ச்சிப் புரதங்களை இது பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கிறது. சுவர் நலிவுற, அழுத்தம் உயர்கிறது. சிறுநீரகத்தின் வழியே புரதம் கசிகிறது. இப்புரதத்தைக் கருவுற்ற எலிகளுக்குச் செலுத்தியபோது, அவற்றிடமும் அதே அடையாளங்கள் தோன்றின.

வெளியிலிருந்து வந்த நஞ்சு எதுவுமில்லை. உடலில் இயல்பாகவே சுரக்கும் பொருள் ஒன்று அளவை மீறுவதே தீங்காகிறது. அடையாளங்கள் வெளிப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே இப்புரதம் குருதியில் மிகுவதை 2004இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இதன் அடிப்படையில் அமைந்த குருதிச் சோதனை ஒன்றுக்கு 2023இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது.

உயிர் காத்த ஆய்வுகள்

வலிப்பைக் கட்டுப்படுத்தும் மருந்துகளுள் சிறந்தது எது என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. இந்தியா உள்ளிட்ட 9 நாடுகளில், ஏறத்தாழ 1,700 பெண்களிடம் நடைபெற்ற ஆய்வு 1995இல் அதற்கு விடை தந்தது. ஏனைய இரு மருந்துகளைக் காட்டிலும் மெக்னீசியம் சல்பேட்டே வலிப்பு மீண்டும் வராமல் தடுப்பதில் சிறந்தது எனத் தெரிந்தது. நாம் பேதியுப்பு என வழங்குவதும் இவ்வேதிப்பொருளே. ஊசி மருந்தாகத் தூய்மை செய்யப்பட்டுப் பயன்படுகிறது. 33 நாடுகளில் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட பெண்களிடம் நடைபெற்று 2002இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, வலிப்பு வருமுன்பே இம்மருந்தைச் செலுத்தினால் அந்த இடர் பாதிக்கும் கீழாகக் குறைவதை மெய்ப்பித்தது. விலை குறைந்த இம்மருந்தின் முதல் தவணையைச் செலுத்திவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி வைக்கத் துணைச் செவிலியருக்கும் நம் நாட்டு வழிகாட்டுநெறிகள் இசைவளிக்கின்றன.

தடுப்பு முறைகளும் வளர்ந்தன. மிகு இடருடைய பெண்களுக்குத் தொடக்க மாதங்களிலிருந்தே குறைந்த அளவு ஆஸ்பிரின் தந்தால், 37 வாரங்களுக்கு முன் தோன்றும் முன்சூல்வலிப்பு வெகுவாகக் குறைவதை 2017இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. சுண்ணாம்புச்சத்து குறைந்த உணவை உண்போருக்குக் கால்சியம் மாத்திரை பயன்தரும். நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் அளவே 1,500 மில்லிகிராமுக்கு நிகராகப் பயன்தருமா என்பதை அறிய, பெங்களூரில் 11,000 பெண்களிடமும் தான்சானியாவில் 11,000 பெண்களிடமும் ஆய்வு நடைபெற்றது. குறைந்த அளவும் முன்சூல்வலிப்பைத் தடுப்பதில் பின்தங்கவில்லை என்னும் முடிவு 2024இல் வெளிவந்தது. எம்மருந்தாயினும் மருத்துவரின் அறிவுரையின்றி உட்கொள்ளுதல் தகாது.

> தெரிந்து தெளிவோம்
> தாங்கவொண்ணாத் தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, முகத்திலும் கைகளிலும் திடீர் வீக்கம், மூச்சுத் திணறல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியன எச்சரிக்கை அடையாளங்கள். அழுத்தம் 160/110ஐத் தொட்டால் உடனடி மருத்துவம் தேவை. எந்த அடையாளமும் வெளியே தெரியாமலேயே அழுத்தம் உயர்வதும் உண்டு.

வளைகாப்பும் பதிவு அட்டையும்

முதற்பேற்றில்தான் இந்நோய் மிகுதியாகத் தோன்றுகிறது. பெரும்பாலும் இறுதி மூன்று மாதங்களில் வெளிப்படுகிறது. நம் வழக்கப்படி, வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு செல்லும் காலமும் அதுவே. பாகூரில் வாழும் பெண்ணுக்குக் கடலூர்ப் பக்கமும், வில்லியனூர்ப் பெண்ணுக்கு விழுப்புரம் பக்கமும் தாய்வீடு இருக்கலாம். ஊர் மாறும்போது சுகாதார நிலையமும் செவிலியரும் மாறுகின்றனர். மாநில எல்லையும் குறுக்கிடுகிறது. அழுத்தம் உயரக்கூடிய அதே காலத்தில் கண்காணிப்பு அறுபட்டுவிடக் கூடாது. எனவே, சீர்வரிசைத் தட்டுகளோடு தாய்சேய் நலப் பதிவு அட்டையும் தவறாது உடன் செல்லவேண்டும். சென்ற வாரமே அவ்வூர்ச் செவிலியரிடம் அதைக் காட்டவேண்டும்.

‘கருவுற்றால் கால் வீங்குவது இயல்புதானே’ என்று வீட்டார் ஆறுதல் கூறுவதுண்டு. பல வேளைகளில் அது உண்மையே. ஆயினும், எது இயல்பு, எது நோய் என்பதைக் கண்ணால் கண்டு கூறவியலாது, அழுத்தமானியே கூறவேண்டும். ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாளில் அரசு மருத்துவ நிலையங்களில் கருவுற்ற தாய்மாருக்குச் சிறப்புப் பரிசோதனை செய்யும் திட்டம் 2016 முதல் நடைமுறையில் உள்ளது. நோய் முற்றிய நிலையில் உயர் சிகிச்சை அளிக்க, புதுச்சேரியில் ஜிப்மரும் இராஜீவ்காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையும் உள்ளன. குழந்தை பிறந்ததும் இடர் முழுதும் நீங்கிவிடுவதில்லை. பிறந்த பின்னரும் ஆறு வாரங்கள் வரை விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் பிறந்த அறிவு, வீட்டுத் திண்ணை வரை வந்து சேர்ந்தாலன்றி உயிரைக் காக்காது. அதனைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. அக்காளோ அண்ணியோ கருவுற்றிருக்கும் வீட்டில் வாழும் மாணவர், ‘இந்த மாதம் அழுத்தம் பார்த்தாயிற்றா?’ என்று கேட்கலாம். அவ்வொரு வினா, இரண்டு உயிர்களுக்குக் காவலாகும்.

கலைச்சொல் அறிவோம்

முன்சூல்வலிப்பு – ப்ரீஎக்லாம்ப்சியா
சூல்வலிப்பு – எக்லாம்ப்சியா
நச்சுக்கொடி – பிளசென்டா
அழுத்தமானி – பி.பி. கருவி