உங்களுக்குத் தெரியுமா? – மழைக்கு முன் டயர்

மும்பையில் எஸ்.யு.வி. டயர் மாற்ற ஏற்ற மாதம் மே. ஜூன் இரண்டாம் வாரவாக்கில் பருவமழை இறங்கிவிடும். மாட்டுங்கா லேபர் கேம்ப்புக்கு அருகிலுள்ள கிங்ஸ் சர்க்கிள், சயான் இரண்டுமே மழைநீர் தேங்கும் தாழ்வான பகுதிகள். சக்கரத்தின் அடியில் சிக்கும் நீரை வெளியேற்றுபவை டயரின் பள்ளங்கள். அவை தேய்ந்திருந்தால் வேகத்தில் சக்கரம் தரையை விட்டு நீர்மேல் வழுக்கும். பிரேக்கும் ஸ்டியரிங்கும் கைகொடுக்கா. கார்களுக்குச் சட்டம் கேட்கும் பள்ள ஆழம் 1.6 மி.மீ.தான், மழைக்கு அது போதாது, 3 மி.மீ.யிலேயே மாற்றுவது நல்லது. பெரிய கட்டைகள் கொண்ட சேற்று டயர் பார்க்கக் கம்பீரம், நகரத் தார்ச்சாலைக்கு வீண். சுமைக் குறியீடு (100 என்றால் 800 கிலோ) வண்டிக்குக் குறித்ததைவிடக் குறையக்கூடாது. பக்கச்சுவரில் ‘2324’ என்றிருந்தால், 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத் தயாரிப்பு. இரண்டை மட்டும் மாற்றினால் புதியவை பின்சக்கரங்களுக்கே.