மெமரி வாங்கும் முன் மார்க்கெட்டைப் பாருங்கள்
(நமது பகுதி நேர நிருபர்)

மும்பை: 2001-ம் ஆண்டு என் தகப்பனார் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுத்து வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். பெண்டியம் 4 ரகம். "இதைவிட வேகமான மெமரி கிடையாது" என்று சொல்லிக் கொடுத்தார் கடைக்காரர். அந்த மெமரியின் பெயர் ரேம்பஸ்.

மூன்று வருஷம் கழித்து மெமரி போதவில்லை. கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லாமிங்டன் ரோடு முழுக்கக் கடை கடையாக ஏறினோம். எல்லாக் கடையிலும் டிடிஆர் மெமரி குவிந்து கிடந்தது. ரேம்பஸ் என்றதும் கையை விரித்தார்கள். வைத்திருந்த ஒரே கடைக்காரர் கேட்ட விலை அப்பாவின் பாதிச் சம்பளம். வெறுங்கையோடு திரும்பினோம். சங்கக் கடனில் தவணை அப்போதும் பாக்கி இருந்தது.

பீரோவும் மேஜையும்

ஆபீஸில் வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஹார்ட் டிஸ்க் என்பது பைல்களை அடுக்கி வைக்கும் பீரோ. மெமரி என்பது பைலைப் பிரித்து வைத்து வேலை பார்க்கும் மேஜை. மேஜை சிறிதானால் வேலை தாமதம். ஆனால் ஒரு வகை மெமரியை மற்றொரு வகைக்கான மதர்போர்டில் பொருத்த முடியாது. மீட்டர் கேஜ் பெட்டி பிராட் கேஜ் பாதையில் ஓடாததைப் போலத்தான்.

தோற்றது ஏன்?

1996-ல் இண்டெல் கம்பெனி ரேம்பஸுடன் ஒப்பந்தம் செய்தது. அடுத்த தலைமுறை மெமரி இதுதான் என்று பலரும் நம்பினர். 2000 நவம்பரில் பெண்டியம் 4 வந்தபோது இந்த மெமரி மட்டுமே அதற்குப் பொருந்தியது. விலை அதிகம் என்பதால், பெட்டியில் விற்ற பிராசஸருடன் ரேம்பஸ் பலகைகளையும் சேர்த்தே கொடுத்தது இண்டெல். அதையும் ஜோடியாகத்தான் பொருத்த வேண்டும். காலியாக உள்ள இடத்திலும் ஒரு வெற்றுப் பலகையைச் செருக வேண்டும்.

டிடிஆர் வந்த வழி வேறு. பல கம்பெனிகள் அங்கம் வகிக்கும் ஜெடெக் அமைப்பு 2000-ல் அதன் அளவுகளை வெளியிட்டது. தயாரித்தவர்கள் பலர், விலையும் குறைவு. அதே ஆண்டு ஏஎம்டி கம்பெனி டிடிஆர் பக்கம் சாய்ந்தது. 2002-க்குள் இண்டெலும் பெண்டியம் 4-க்கு டிடிஆர் வழி விட்டது. அத்துடன் போட்டி முடிந்தது. எங்கள் வீட்டுக்குத்தான் அந்தச் செய்தி தாமதமாக வந்தது!

இன்றைய கேள்வி

சென்ற மாதம் பக்கத்து குவார்ட்டர்ஸ் நண்பர் வந்தார். "அண்ணே, மகள் கம்ப்யூட்டர் சயன்ஸில் சேர்ந்திருக்கிறாள். டிடிஆர்4 போர்டு விலை குறைச்சல் என்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்?" என்று கேட்டார்.

நான் மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொன்னேன். ஒன்று: புதிதாக வரும் பிராசஸர்கள் எந்த மெமரியை ஏற்கின்றன? 2021-ல் வந்த இண்டெல் 12-ம் தலைமுறை இரண்டையும் ஏற்றது. 2022-ல் வந்த ஏஎம்டியின் ஏஎம்5 போர்டுகள் டிடிஆர்5-ஐ மட்டுமே ஏற்கின்றன. இரண்டு: தயாரிப்பாளர்கள் எதைக் குறைக்கிறார்கள்? 2025-ல் பெரிய கம்பெனிகள் டிடிஆர்4 உற்பத்தியைக் குறைக்கத் தொடங்கின. மூன்று: விலை எப்படிப் போகிறது? பழைய சரக்கு என்றால் விலை இறங்கும் என்று நினைக்கிறோம். ஆனால் வரத்து நின்றால் ஏறும். 2025 நடுவில் மொத்த மார்க்கெட்டில் டிடிஆர்4 சில்லுகள் சில, டிடிஆர்5 விலையையே தாண்டின. ஆண்டு இறுதியில் செயற்கை அறிவுக் கம்ப்யூட்டர்களுக்கான தேவையால் இரண்டு வகையும் ஏறின.

ஆகவே புதிதாக வாங்குகிறவர்களுக்கு டிடிஆர்5 போர்டே நல்லது. கையில் காசு குறைவானால் இப்போது ஒரு பலகை போதும். இன்னொன்றுக்கு இடம் இருக்கட்டும். பழைய டிடிஆர்4 மெஷின் வைத்திருப்பவர்கள் அதை வீசி எறிய வேண்டாம். கூடுதல் மெமரி தேவையானால் கிடைக்கும்போதே போட்டுக்கொள்ளலாம். கடைக்குப் போகும்போது பழைய பலகையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இரண்டு வகைக்கும் 288 ஊசிமுனைகள்தான். ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். அழுத்திச் செருகினால் போர்டு கெடும்.

நண்பர் டிடிஆர்5 வாங்கினார். அவருக்கும் தவணை உண்டு. ஆனால் அந்தத் தவணை முடியும்வரை மெஷினுக்கு மெமரி கிடைக்கும்.