பசியின் கதை – 9: விட வேண்டியது எந்த வேளை?

புரட்டாசி மழைக்கு விதைத்த உளுந்திலும் பாசியிலும் களையெடுப்பு தொடங்கிவிட்டால், பசுவந்தனையைச் சுற்றியுள்ள கரிசல் காடுகளில் பெண்கள் விடியவே இறங்கிவிடுவார்கள். பத்து மணிவாக்கில் தூக்குவாளி திறக்கும். அந்தக் காலத்தில் கம்மங்கஞ்சி. இப்போது பெரும்பாலும் ரேஷன் அரிசியில் பழைய சோறு, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர் மிளகாய்.

பகல் சாப்பாடு அநேகமாக அப்படியேதான் இருக்கிறது. ராத்திரிச் சாப்பாடுதான் தள்ளிக்கொண்டே போகிறது. பொழுது அடைந்ததும் சாப்பிட்டுப் படுத்த வீடுகளில் இன்று கடைசி சீரியல் முடிந்துதான் தட்டு வைக்கிறார்கள். கோவில்பட்டிப் பக்கம் நூற்பாலையில் ராத்திரி ஷிப்டு பார்க்கும் ஒருவர் சொன்னார்: “பகல்ல பசிக்கவே மாட்டேங்கு. ராத்திரிதான் வயிறு கேக்கு.” வயிறு கேட்பதாக அவர் சொன்னாலும், கேட்பது மூளை.

மூளையின் அடியில், சுமார் 4 கிராம் எடையில் இருக்கிறது ஹைப்போதலாமஸ். 1951-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் புரோபெக்கும் நம் நாட்டு பால் கிஷன் ஆனந்தும் எலிகளுக்கு அதன் பக்கவாட்டுப் பகுதியை இரண்டு புறமும் சிதைத்துப் பார்த்தார்கள். முன்னால் தீனி இருந்தும் எலிகள் தொடவில்லை, பட்டினியிலேயே செத்தன. இந்த ஆனந்த்தான் பின்னாளில் டெல்லி எய்ம்ஸில் உடலியங்கியல் துறையைக் கட்டி எழுப்பியவர். பசியைப் பற்றிப் பேசும்போது இவர் பெயரை நாம் அதிகம் சொல்லியிருக்க வேண்டும்.

1994-இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டினைக் கண்டுபிடித்தது. உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் அது. சாப்பாட்டைச் சடாரென்று குறைத்தால் லெப்டின் இறங்கும். பஞ்சம் வந்துவிட்டதென்று மூளை முடிவு கட்டும். தைராய்டு ஹார்மோன் குறையும், இரைப்பையிலிருந்து கிரெலின் கூடிப் பசியைத் தூண்டும், மெலிந்த பெண்களுக்கு மாதவிலக்கே நின்றுபோகும். பட்டினி கிடந்து மெலிந்தவர்கள் திரும்பப் பருப்பதற்கு மன உறுதி இல்லாததுதான் காரணம் என்று பழிப்பது அநியாயம்.

இதே ஹைப்போதலாமஸில்தான் உடம்பின் கடிகாரமும் இருக்கிறது. இருட்டியதும் மெலடோனின் சுரக்கும். அது கணையத்தின் இன்சுலினை மட்டுப்படுத்தும். அதனால் காலையில் சாப்பிட்ட அதே சோறு நடுச்சாமத்தில் ரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றுகிறது.

ஒடிசாவில் பிறந்து, கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்த சச்சிதானந்த பாண்டா, கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் இதைத்தான் துருவுகிறார். 2012-இல் அவர் குழு எலிகளுக்குக் கொழுப்புத் தீனி கொடுத்தது. நாள் முழுக்கத் தின்ற எலிகள் பருத்தன. அதே கலோரியை, விழித்திருக்கும் வேளையில் 8 மணி நேரத்துக்குள் தின்றவை அப்படிப் பருக்கவில்லை.

மனிதர்களிடம் கதை இவ்வளவு சுலபமில்லை. 2018-இல் அலபாமாவில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 8 ஆண்கள் பிற்பகல் 3 மணிக்குள் அன்றைய கடைசிச் சாப்பாட்டை முடித்தார்கள். 5 வாரத்தில் எடை குறையாமலே இன்சுலின் நன்றாக வேலை செய்தது. ரத்த அழுத்தமும் தணிந்தது. 2020-இல் சான் பிரான்சிஸ்கோ ஆய்வில் நேர்மாறாக, காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு மதியம் 12 முதல் ராத்திரி 8 வரை சாப்பிட வைத்தார்கள். மூன்று வேளை சாப்பிட்டவர்களைவிட எடை பெரிதாகக் குறையவில்லை. நேரில் வரவழைத்துச் சோதித்தவர்களிடம் குறைந்த எடையிலும் சுமார் 65 சதவீதம் கொழுப்பல்ல. தசை உள்ளிட்ட மற்றவை.

நமக்கு இது சின்ன விஷயமல்ல. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-இல் ‘லான்செட்’ இதழில் தங்களையே ஒப்பிட்டுக் காட்டினார்கள். இருவருக்கும் உடல் நிறை எண் 22.3 தான். கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரிகிற இந்திய உடம்பில் கொழுப்பு கூடுதல், தசை குறைவு. இருக்கிற தசையையும் பட்டினிக்குக் கொடுத்துவிட்டால், குளுக்கோஸை வாங்கிக்கொள்ள உடம்பில் இடம் ஏது?

ஆகவே, எடை குறைக்கிறேன் என்று காலைக் கஞ்சியை விட்டுவிட்டு ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா தின்கிற பிள்ளைகள் தலைகீழாகச் செய்கிறார்கள் என்பேன். விட வேண்டியது அந்தப் பத்து மணித் தட்டைத்தான். பொழுது சாய்ந்ததும் சாப்பாட்டை முடியுங்கள். அதில் பருப்போ முட்டையோ நிலக்கடலையோ கட்டாயம் இருக்கட்டும். கர்ப்பிணிகளும் வளரும் பிள்ளைகளும் இந்த நேரக் கணக்குக்குள் வரவே வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளையையும் விடக் கூடாது. சர்க்கரை திடீரென இறங்கினால் மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம்.