வெயில் காலத்தில் டயரில் காற்றைக் குறைக்கலாமா? நாமக்கல் லாரிகள் சொல்லும் பாடம்!

நாமக்கல் என்றதும் முட்டைக்கு அடுத்து நினைவுக்கு வருவது லாரிதான். பாடி கட்டும் பட்டறைகள், எரிவாயு டேங்கர்கள், டயர் கடைகள் என ஊரின் பிழைப்பில் பெரும்பங்கு சக்கரத்தின் மேல் ஓடுகிறது. சேலத்திலிருந்து கரூர் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-ம் இந்த ஊர் வழியாகத்தான் செல்கிறது.

சாலையோர டீக்கடையில் லாரி நின்றதும் கவனித்தால் ஒன்று தெரியும். டிரைவரோ கிளீனரோ இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டியபடி வண்டியை ஒரு சுற்று வருவார். காற்று நிறைந்த டயரில் கம்பி துள்ளித் திரும்பும். காற்று இறங்கியிருந்தால் 'தொப்'பென்று அமுங்கும். இரட்டை டயர்களுக்கு நடுவே கல் சிக்கியிருந்தால் அதுவும் அப்போதே வெளியே வந்துவிடும்.

காரில் போகும் குடும்பங்களில் இந்தப் பழக்கம் குறைவு. போதாக்குறைக்கு, "வெயில் காலம்... காற்றைக் கொஞ்சம் குறைச்சு வை. இல்லேன்னா வெடிச்சுடும்" என்ற யோசனை வேறு!

உண்மை நேர்மாறானது

காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். அதனால் உள்ளே சூடு ஏறும். கொதிக்கும் சாலையும், வேகமும், பாரமும் சேரும்போது டயரின் அடுக்குகள் பிரிந்து வெடிக்கும். கோடையிலும் கார் நிறுவனம் சொன்ன அளவுதான் சரி. அந்த அளவு டிரைவர் பக்கக் கதவின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். பயணம் கிளம்பும் முன், டயர் சூடாகாதபோது கேஜ் வைத்துப் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது.

டயர் பட்டன்களின் பள்ளத்தில் சிறு மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மேட்டளவுக்குத் தேய்ந்துவிட்டால், கார் டயரில் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான். உடனே மாற்ற வேண்டும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம் டயரின் வயதைச் சொல்லும். 2322 என்றால் 2022-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது.

ஓடும்போது வெடித்தால்...

சட்டென்று பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை இறுக்கமாக, நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். வேகம் தானாகக் குறைந்த பின் இடது ஓரம் ஒதுங்குங்கள்.

நான்கு வழிச்சாலையில் அடுத்த ஆபத்து, பின்னால் வரும் வாகனம். எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் 50 மீட்டராவது தள்ளி வையுங்கள். குழந்தைகள், பெரியவர்கள் எல்லோரையும் இடதுபுறமாக இறக்கி, சாலையை விட்டு விலகி நிற்கச் சொல்லுங்கள். ஒதுங்க இடமில்லையென்றால் சக்கரம் மாற்ற முயல வேண்டாம். நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழையுங்கள்.

சக்கரம் மாற்றும்போது...

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, மற்றச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். நட்டுகளைச் சற்றே தளர்த்திய பிறகுதான் ஜாக்கியை ஏற்ற வேண்டும். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. புதுச் சக்கரத்தில் நட்டுகளை எதிரெதிராக முடுக்குங்கள். வண்டியை இறக்கிய பின் முழுதாக இறுக்கி, சுமார் 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி சரிபாருங்கள்.

'ஸ்டெப்னி' என்ற பெயர், வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் இருக்கும் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1900-களின் தொடக்கத்தில் உபரிச் சக்கரம் அங்கேதான் தயாரானது. ஆபத்தில் கைகொடுக்க வேண்டிய அந்தச் சக்கரத்திலும் காற்று இருக்க வேண்டுமே! அடுத்த முறை காற்றுப் பிடிக்கும்போது டிக்கியையும் திறந்து காட்டுங்கள்.